துவைகல்லில் தேய்த்த பிளேட்டு

மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றை ஒட்டிய சின்ன ஊர் அது. அங்கே வீடியோக்காரர் வெற்றிசெல்வனைத் தெரியாத குடும்பம் கிடையாது. தெரியாமல் எப்படி இருக்கும்? இருபத்தைந்து வருஷமாக அந்த வட்டாரத்தில் தாலி கட்டியவர்கள், காது குத்திக்கொண்டவர்கள், புதுவீடு புகுந்தவர்கள் எல்லோரும் அவர் கேமராவைப் பார்த்து இளித்தவர்கள்தான். இளிக்காதவர்களையும் விடமாட்டார். சாப்பாட்டுப் பந்தியில் போய் நின்று, அப்பளம் வாயில் இருக்கும்போதே எடுத்துவிடுவார்.

அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்றுப் பறித்தவர்கள், கதிர் அறுத்தவர்கள். வெற்றிசெல்வன் பத்தாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, மன்னார்குடியில் ஒரு ஸ்டுடியோவில் லைட் பிடிக்கப் போனார். சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்த ஒருவர் விற்ற டேப் கேமராவை வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கினார். அவர்கள் தெருவுக்கு வந்த முதல் கேமரா அது. அதற்குப் பிறகு இரண்டு கேமரா மாறிவிட்டது. அந்தப் பழைய டேப் கேமரா உயிர் போன பிறகும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

அவருக்கு ஒரு கர்வம் உண்டு. ஸ்டேண்டு போட்டு எடுப்பது அவருக்குப் பிடிக்காது. "ஸ்டேண்டப் போட்டுட்டு ஓரமா நிக்கிறதுக்கு நான் எதுக்கு, ஒரு தென்னமரம் போதுமே" என்பார். தோளில் கேமராவை வைத்தால் முகூர்த்தம் முடியும்வரை ஒரு மணி நேரம் அப்படியே நிற்பார். படம் அசையாது. இந்த ஒன்றுக்காகவே அவரைத் தேடி சீர்காழியிலிருந்துகூட ஆள் வந்தது.

அந்தக் கைதான் ஒன்றரை வருஷமாக ஆடுகிறது.

முதலில் வலது கட்டைவிரல் மட்டும் தனியாக ஏதோ தாளம் போட்டது. அப்புறம் கை முழுக்க. முழங்கையை விலாவில் இடுக்கிக்கொண்டு எடுத்துப் பார்த்தார். தூணில் சாய்ந்துகொண்டு எடுத்துப் பார்த்தார். வடுவூர்க் கல்யாணத்தில் பெண் வீட்டுக்காரர் கேமராத் திரையிலேயே படத்தைப் பார்த்துவிட்டு, "ஏங்க, பூகம்பம் வந்த மாதிரில்ல இருக்கு" என்று கேட்டபோது, கேமராவில் கோளாறு என்று பழியை அதன் தலையில் போட்டுவிட்டு வந்தார். பேச முடியாத பொருள்தானே, வாங்கிக்கொண்டது. அன்றைக்குத் திரும்பி வருகிற அவசரத்தில், என்றைக்காவது உதவும் என்று எடுத்துப்போன ஸ்டேண்டின் பிளேட்டையும் மண்டபத்திலேயே தொலைத்துவிட்டார். கேமராவின் அடியில் முடுக்கி, ஸ்டேண்டின் தலையில் செருகுகிற உள்ளங்கை அளவுத் தகடு அது. அது இல்லாவிட்டால் ஸ்டேண்டு வெறும் மூன்று கால்.

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. மனைவி அம்சவல்லி அங்கன்வாடியில் உதவியாளர். மகள் சுவேதா சென்னையில் நர்ஸ். சொன்னால் இருவரும் அழுவார்கள், அப்புறம் ஊர் முழுக்கத் தெரியும், அப்புறம் எந்த வீட்டில் கூப்பிடுவார்கள் என்பது அவர் கணக்கு. தஞ்சாவூருக்கு லென்ஸ் துடைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு நாள் நரம்பு டாக்டரைப் போய்ப் பார்த்தார். டாக்டர் வானதி, சுவேதாவைவிட நாலைந்து வயது மூத்தவள் மாதிரி இருந்தாள். கையை நீட்டச் சொன்னாள், மடக்கச் சொன்னாள். சனியன், அங்கே போனதும் அந்தக் கை நல்ல பிள்ளையாக அடங்கிக் கிடந்தது.

"இங்க வந்தா சில பேருக்குக் கொறையும், சில பேருக்குக் கூடும்" என்றாள் டாக்டர். "வீட்ல வேல செய்றப்ப எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியணும். கேமராவப் புடிக்கிறப்ப, எழுதுறப்ப, தண்ணி ஊத்துறப்ப. ஒரு பத்து நிமிஷம் வீடியோ எடுத்துட்டு வாங்க. அதப் பாத்துட்டுத்தான் நான் முடிவா எதுவும் சொல்ல முடியும்."

அடுத்த முறை வர வேண்டிய தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். விஜயதசமிக்கு மறுநாள்.

ஊருக்கெல்லாம் வீடியோ எடுத்தவருக்கு இப்போது தன் கையை எடுக்க ஆள் இல்லை. போனில் எடுக்கலாம்தான். ஆனால் அதில் எது எடுத்தாலும் சுவேதாவின் போனுக்கும் போய்ச் சேருகிற மாதிரி அவளே செய்து வைத்திருக்கிறாள். அதை நிறுத்தும் வழி அவருக்குத் தெரியாது. யாரிடமாவது கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். ஆகவே கேமராதான். கேமரா என்றால் ஸ்டேண்டு. ஸ்டேண்டு என்றால் அந்தத் தொலைந்துபோன பிளேட்டு. மன்னார்குடியில் தேடினார், இல்லை. ஸ்டேண்டு பழைய மாடல், புதுப் பிளேட்டுகள் அதன் பள்ளத்தில் உட்காரவில்லை. கயிற்றால் கட்டிப் பார்த்தார். கேமரா தூங்கி விழுகிற ஆள் மாதிரி மெல்ல மெல்லத் தலை கவிழ்ந்தது.

பயந்த காரியத்தை மனிதன் கடைசி நாள்வரை தள்ளிப்போடுவான். அவரும் தள்ளினார். லேத்துப் பட்டறைக்குப் போய் ஒரு பிளேட்டு அடித்துக்கொள்ளலாம் என்று ஒருவழியாகக் கிளம்பியபோது ஆயுத பூஜை வந்துவிட்டது.

பட்டறைத் தெருவே கழுவி விட்டதுபோல் இருந்தது. வாசலுக்கு வாசல் வாழைக்கன்று, மாவிலை. ஷட்டர்கள் பாதி இறங்கியிருந்தன. உள்ளே டிரில், ரம்பம், ஸ்பேனர் எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தன. பூஜை போட்ட கருவியை மறுநாள் மறுபூஜை போடாமல் யாரும் தொடமாட்டார்கள். இது வெற்றிசெல்வனுக்குத் தெரியாதா என்ன? தெரியும். அவரும் வருஷா வருஷம் கேமராவை வைத்துக் கும்பிடுகிறவர்தான். ஆனால் தன் கையை நினைத்து நினைத்து இன்றைக்கு என்ன நாள் என்பதையே மறந்துவிட்டார்.

அப்போதுதான் சுஹைப் பாய் ஞாபகம் வந்தது. பாய் பட்டறையில் பூஜை இருக்காதே என்று கொஞ்சம் தெம்போடு போனார். போய்ப் பார்த்தால் அங்கேயும் லேத்து மெஷினுக்கு ஆளுயர மாலை. பாய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்.

"என்ன பாய், நீங்களுமா?"

"நான் எங்க வச்சேன், வேல பாக்குற ஆளுங்க வச்சாங்க. பதினோரு மணிக்கே பூசணிக்கா ஒடைச்சிட்டுப் போய்ட்டாங்க." பாய் பொரியை நீட்டினார். வெற்றிசெல்வன் இடது கையால் வாங்கினார். பிறகுதான் உறைத்து, மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்தார். பாய் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார்.

"ஒரு பத்து நிமிஷ வேல பாய். அவசரம்."

"ஸ்விட்சப் போட்டா எனக்கு ஒண்ணும் ஆவாது வெற்றி. ஆனா நாளைக்கி அவனுங்கள்ல ஒருத்தனுக்குக் கையில லேசா கீறுனாக்கூட, பூச முடியறதுக்குள்ள பாய் மெஷினத் தொட்டாரு, அதான்னு மனசுல ஓடும். ஓடுமா இல்லியா?"

ஓடும். வெற்றிசெல்வனுக்கே ஓடும். அவர் கிளம்பத் திரும்பினார். பாய்க்கும் மனசு கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு டப்பாவைக் கிளறி, ஒரு போல்ட்டும் இரண்டு வாஷரும் கொண்டுவந்தார். "கேமராவுக்குக் கால் இஞ்ச் புரி போல்ட்டுதான் சேரும். ஆறு எம்.எம். போட்டு முடுக்குனீங்க, புரி செத்துரும். நாலு சுத்துக்கு மேல உள்ள விடாதீங்க, கேமரா வயித்துல குத்திரும். பிளேட்ட மரத்துல செஞ்சுக்கங்க, ஒரு நாள் தாங்கும்."

வீட்டுக்கு வந்தார். அம்சவல்லி பூஜைக்கு எல்லாவற்றையும் கழுவி அடுக்கி வைத்திருந்தாள். அரிவாள்மனை, கத்தி, கத்தரிக்கோல், சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர், தன் அங்கன்வாடி ரிஜிஸ்டர், நடுவில் கேமரா. மத்தியானச் சமையலுக்குக் காயைக்கூட காலையிலேயே நறுக்கி முடித்துவிட்டாள். அந்த வீட்டில் இனி வெட்டவோ துளைக்கவோ ஒரு துண்டு இரும்பு கிடையாது.

பரணில் கதவு செய்து மிஞ்சிய தேக்குத் துண்டு ஒன்று கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். அங்கே துவைகல் இருந்தது, அம்மை போட்ட முகம் மாதிரி சொரசொரவென்று. துவைகல்லுக்குப் பூஜை இல்லை. அதன்மேல் மரத்தை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். ஸ்டேண்டின் பள்ளம் இரண்டு பக்கமும் சரிவாக இருக்கும், அந்தச் சரிவுக்கு மரத்தின் ஓரங்கள் வர வேண்டும். தேய்ப்பது, கொண்டுபோய்ப் பொருத்திப் பார்ப்பது, உட்காராவிட்டால் திரும்ப வந்து தேய்ப்பது. தேய்க்கும்போது மட்டும் கை ஆடுவது தெரியவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. இரண்டு மணி நேரத்தில் மரம் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

துளைதான் மிச்சம். டிரில் இல்லை, உளி இல்லை. ஆனால் அடுப்புக்கும் பூஜை கிடையாதே. வீடு கட்டியபோது மிஞ்சிய கம்பித்துண்டை எடுத்து கேஸ் அடுப்பில் காய வைத்தார். பழுத்த கம்பியை மரத்தில் அழுத்தினால் சுட்டுக்கொண்டே இறங்கிவிடும்.

அம்சவல்லி கொண்டைக்கடலையை வடித்துக்கொண்டே பார்த்தாள். "அடுப்புல என்னங்க கம்பி?"

"பாய் வூட்டுக் கல்யாணம் ஒண்ணு வந்துருக்கு. ஸ்டேண்டு வேணும்."

"புரட்டாசில வந்துருக்கா?"

"அவங்களுக்கு ஏது புரட்டாசி?"

வெற்றிசெல்வன் கம்பியைத் துணியால் சுற்றிப் பிடித்து எடுத்தார். பென்சிலால் வைத்த புள்ளி கண்ணுக்கு நேரே இருந்தது. கம்பியின் நுனி மட்டும் புள்ளிக்கு வலப்பக்கம் போனது, இடப்பக்கம் போனது, புள்ளியைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது. மரத்தில் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள் விழுந்தன. கம்பி ஆறிப்போனது. மறுபடி காய வைத்தார், மறுபடி அதே கதை. மூன்றாவது தடவை கம்பி வழுக்கி இடது கையின் சுட்டுவிரலைப் பதம் பார்த்தது.

"நான் வச்சுக் குடுக்கட்டுமா?" என்றாள் அம்சவல்லி, மெதுவாக.

"ஒனக்கு என்ன தெரியும் இதப் பத்தி? போய்ச் சுண்டலத் தாளி, போ."

சொன்ன வேகத்தில் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பூ கட்டப் போனாள். அவர் அடுக்களைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மரத்தை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் இடுக்கினார். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துத் தொடையோடு சேர்த்து அழுத்தி, உடம்பையே சாய்த்துக் கம்பியை இறக்கினார். புகை கண்ணைக் கரித்தது. பொத்துக்கொண்டு மறுபக்கம் வந்தபோது சட்டை முழுக்க வியர்வை. துளை புள்ளியிலிருந்து கொஞ்சம் விலகித்தான் இருந்தது, ஆனாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டார். தடித்த கம்பி ஒன்றைக் காய்ச்சி, போல்ட்டின் தலை புதைகிற அளவுக்கு அடிப்பக்கம் ஒரு குழியும் சுட்டார்.

சாயங்காலம் பூஜை முடிந்தது. எரிகிற விரலை மறைத்துக்கொண்டு தேங்காய் உடைத்தார். தேங்காய் சாய்வாக உடைந்தது.

மறுநாள் விஜயதசமி. அங்கன்வாடியில் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கும் நாள். அம்சவல்லி காலையிலேயே மறுபூஜையை முடித்து, எட்டரைக்கெல்லாம் கிளம்பிவிட்டாள். பன்னிரண்டு மணிக்கு முன்னால் வரமாட்டாள். வெற்றிசெல்வன் வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டுக் கேமராவை எடுத்தார். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத் துளையைக் காணோம். வருஷா வருஷம் லென்ஸில் பொட்டு வைக்காதே, பட்டனில் வைக்காதே என்று அவர் போட்ட சத்தத்தில், அவள் இந்தத் தடவை பயந்துகொண்டு அடியில் வைத்திருக்கிறாள், குறி பார்த்து அந்தத் துளையில். சந்தனம் சிமெண்டு மாதிரி காய்ந்து கிடந்தது. ஊக்கு முனையால் அதைக் குத்திக் குத்தி எடுப்பதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. திட்டுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

போல்ட்டு ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு சுற்று. பாய் சொன்னபடி நிறுத்தினார். பிளேட்டு பள்ளத்தில் டக்கென்று விழுந்தது. கேமராவைத் தட்டிப் பார்த்தார், அசையவில்லை. இருபத்தைந்து வருஷமாகத் தென்னைமரத்தைச் சொல்லிக் கேலி செய்த ஸ்டேண்டின் கால்களைக் குனிந்து சரிசெய்தார்.

ரெக்கார்டைப் போட்டுவிட்டுப் போய் முன்னால் உட்கார்ந்தார். டாக்டர் கேமராவைப் பிடிக்கிறபோது எப்படி என்று கேட்டிருந்தாளே, இருக்கிற ஒரு கேமராவோ எதிரில் நிற்கிறது. பீரோவிலிருந்து அந்தச் செத்துப்போன டேப் கேமராவை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். எதையாவது பார்த்து எடுக்க வேண்டுமே என்று, தன்னை எடுத்துக்கொண்டிருந்த கேமராவையே பார்த்து எடுப்பதுபோல் பிடித்தார். கை ஆடியது. இன்றைக்கு அதை அடக்க அவசியமில்லை என்று விட்டபோது, அது இவ்வளவு நாள் அடங்கிக் கிடந்ததற்கெல்லாம் சேர்த்து ஆடியது. அப்புறம் பேனா எடுத்துத் தன் பெயரை எழுதினார். செம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றினார். பாதி தரையில் போனது. சட்டைப் பித்தானைக் கழற்றினார், திரும்ப மாட்ட முடியவில்லை, விட்டுவிட்டார். கண்ணைச் சிமிட்டாமல் லென்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எடுத்ததைத் திருப்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ஒரு படத்தைப் பார்க்காமல் அவர் யாருக்கும் கொடுத்ததே இல்லை. இதைப் பார்க்காமலே பையில் வைத்து மூடினார்.

அடுத்த நாள் அம்சவல்லியிடம், "தஞ்சாவூர் போயி நல்ல பிளேட்டா ஒண்ணு வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். "சரிங்க, பாத்துப் போயிட்டு வாங்க" என்றாள் அவள். வழியெல்லாம் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. ஜன்னலோர சீட்டு கிடைத்தும் அவர் வெளியே பார்க்கவில்லை. பையை மடியில் வைத்து, அதன் மேல் வலது கையை வைத்து, கையின் மேல் இடது கையை வைத்துக்கொண்டு போனார்.

டாக்டர் கேமராவின் குட்டித் திரையில் படத்தைப் பார்த்தாள். முதல் நிமிஷத்திலேயே அவள் முகம் மாறியது அவருக்குத் தெரிந்தது. முகம் பார்த்தே பிழைத்தவர் அல்லவா?

"ரொம்பத் தெளிவா எடுத்துருக்கீங்க. படம் கொஞ்சங்கூட ஆடல, அதனால கை ஆடுறது அப்படியே தெரியுது" என்றாள். பிறகு நோயின் பெயரைச் சொன்னாள். அவர் பயந்துகொண்டிருந்த அதே பெயர். "சுத்தமா நிக்காது. மாத்திரை போட்டா மட்டுப்படும். எவ்வளவு நாளைக்குன்னு இப்பவே சொல்ல முடியாது."

"கேமரா புடிக்கலாமா?"

"ஸ்டேண்டு வச்சு எடுங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எடுக்க முடியுற வரைக்கும்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அவர் தலையை ஆட்டினார். டாக்டர் இன்னும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்னாடி நிக்கிறது உங்க வீட்ல உள்ளவங்களா? அவங்களையும் கூட்டிட்டு வந்துருக்கலாமே."

வெற்றிசெல்வனுக்கு முதலில் புரியவில்லை. டாக்டர் கேமராவை அவர் பக்கம் திருப்பி, படத்தைப் பின்னால் ஓட்டிக் காட்டினாள். ஆறாவது நிமிஷம். அவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் கொல்லைக் கதவு திறக்கிறது. அம்சவல்லி உள்ளே வருகிறாள். பிள்ளைகளை எழுத வைப்பதற்கான பித்தளைத் தாம்பாளத்தை மறந்துவிட்டுப் போயிருக்கிறாள் போலிருக்கிறது. அடுக்களையிலிருந்து அதை எடுத்துக்கொண்டு திரும்பியவள், அவரைப் பார்த்து நின்றுவிட்டாள். தண்ணீர் தரையில் ஓடுகிறது, அவள் நிற்கிறாள். அவர் பித்தானோடு மல்லுக்கட்டுகிறார், அவள் நிற்கிறாள். தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, முழுசாக இரண்டு நிமிஷம். பிறகு வந்தது போலவே சத்தமில்லாமல் போய்விட்டாள்.

ஒரு படத்தில் எந்த மூலையில் யார் நிற்கிறார் என்று பார்க்கத் தெரிந்த மனிதர், தன் முதுகுக்குப் பின்னால் நின்றவளைப் பார்க்கவில்லை. முந்தின நாள் பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்து அவள் சாம்பார் ஊற்றியதும், எந்தப் பிள்ளை அழுதது, எது சிரித்தது என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

ஊர் திரும்பும்போது மணி நாலு. அம்சவல்லி வாசல் படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒனக்கு எப்படி..."

"சட்டையத் தொவைக்கிறப்ப சீட்டப் பாத்தேன். போன மாசமே."

"ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்." அவள் கீரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "சொல்ற மாதிரி தெரியல. நேத்து அங்கேயே வந்து கையப் புடிச்சிரலாமான்னு பாத்தேன். நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா தாங்கமாட்டீங்கன்னு போய்ட்டேன்."

"நிக்காதாம் அம்சா."

அவள் கீரையை முறத்தில் தள்ளிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாத்திரையக் காட்டுங்க" என்றாள்.

அவர் அட்டையை எடுத்தார். ஒரு மாத்திரையைப் பிதுக்கப் பார்த்தார். கட்டைவிரல் அதன்மேல் நிற்கவில்லை. மறுபடி பார்த்தார். அட்டை நழுவிப் படியில் விழுந்தது. அவள் அதை எடுத்து, ஒன்றைப் பிதுக்கித் தன் உள்ளங்கையில் வைத்து, அவர் வாயருகே கொண்டுபோனாள். தெருவில் இரண்டு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். வெற்றிசெல்வன் அவர்களைப் பார்த்தார், பிறகு வாயைத் திறந்தார்.